சொந்த டிரக் வாங்கியாச்சு, லோடு எங்கே? அமெரிக்காவில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் சொந்தமாக டிரக் வைத்து ஓட்டப்போகிறேன் என்பவர்களிடம் லோடுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "லோடு போர்டு இருக்கே, அதில் பார்த்து எடுத்துக்கலாம்" என்கிறார்கள். (லோடு போர்டு என்பது ஓட்ட வேண்டிய சரக்குகளைப் பட்டியல் போடும் இணையதளம்.) எடுக்கலாம்தான். ஆனால் தினமும் காலையில் எழுந்து இன்றைக்கு என்ன கிடைக்கும் என்று தேடிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினால், டிரக் தவணையும் டீசலும் இன்சூரன்ஸும் சேர்ந்து கையில் இருப்பதையெல்லாம் கரைத்துவிடும். நிலையான வேலை என்பது சில ஊர்களுக்கு நடுவில், உங்கள் நம்பரைத் தெரிந்துவைத்திருக்கும் ஐந்தாறு பேரிடமிருந்து, திரும்பத் திரும்ப வரும் லோடு. முதல் வருஷம் முழுக்க அந்த ஐந்தாறு பேரைப் பிடிப்பதுதான் வேலை. கீழே இருப்பதையெல்லாம் அந்த நோக்கத்தோடு படியுங்கள்.

யாருடைய அத்தாரிட்டியில் ஓட்டுவது?

முதல் முடிவு இதுதான். (அத்தாரிட்டி என்பது பிறர் சரக்கை ஏற்றிக் காசு வாங்க அரசு தரும் அனுமதி.) ஒன்று, உங்கள் டிரக்கை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு கேரியர் (சரக்கு ஏற்றிச் செல்லும்) கம்பெனியிடம் லீஸுக்கு விட்டு, அவர்கள் அத்தாரிட்டியில் அவர்கள் கொடுக்கும் லோடை ஓட்டுவது. இன்னொன்று, மத்திய அரசின் டிரக் பாதுகாப்பு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவிடம் சொந்தமாக அத்தாரிட்டி வாங்கி நீங்களே கேரியராக ஆவது.

கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாதவர்கள், சரக்கு அனுப்புபவருக்கும் கேரியருக்கும் நடுவில் இருந்து லோடு தரும் புரோக்கர்களிடம் பேசிப் பழக்கமில்லாதவர்கள் முதல் வருஷம் லீஸில் ஓட்டுவதுதான் நல்லது என்பேன். லோடு தேடும் வேலை கேரியர் கம்பெனியுடையது, பெரிய இன்சூரன்ஸும் அவர்களுடையது, உங்களுக்கு எந்தப் பாதையில் எந்தச் சரக்கு ஓடுகிறது என்று பார்த்துப் பழக நேரம் கிடைக்கும். லேண்ட்ஸ்டார் போன்ற கம்பெனிகளில் லீஸில் இருந்தபடியே லோடை நீங்களே தேர்ந்தெடுக்கவும் முடியும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். லீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மத்திய அரசின் விதி இருக்கிறது: லோடு இறக்கிய பேப்பர்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், சதவீதக் கணக்கில் பணம் என்றால், அந்த லோடுக்கு வாடிக்கையாளரிடம் வாங்கிய தொகையின் பில்லை உங்களுக்குக் காட்ட வேண்டும், எஸ்க்ரோ (பிணைப்பணம்) என்று பிடித்துவைத்த பணத்தை லீஸ் முடிந்த 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், டயரோ டீசலோ எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. இதில் ஒன்றுக்காவது மழுப்பலாகப் பதில் சொல்லும் கம்பெனி என்றால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள். டிரக்கையும் அவர்களிடமே தவணையில் வாங்கி அவர்களிடமே ஓட்டும் 'லீஸ் பர்ச்சேஸ்' பக்கம் போகவே வேண்டாம். லோடு குறையும் வாரத்திலும் தவணை மட்டும் குறையாது, வெளியே போகலாம் என்றால் டிரக்கை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

சொந்த அத்தாரிட்டிதான் என்று முடிவு செய்தால், விண்ணப்பக் கட்டணம் 300 டாலர். அது பெரிதில்லை. இன்சூரன்ஸ்தான் பெரிது. சாதாரண சரக்குக்குச் சட்டம் கேட்பது 7,50,000 டாலர் லயபிலிட்டி (விபத்தில் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்), ஆனால் புரோக்கர்கள் 10 லட்சம் டாலர் லயபிலிட்டியும் சரக்குச் சேதத்துக்கு 1 லட்சம் டாலர் கார்கோ கவரும் இல்லாமல் பேசவே மாட்டார்கள். புது அத்தாரிட்டி என்பதாலேயே பிரீமியமும் உச்சத்தில் இருக்கும், அதனால் டிரக் வாங்கும் முன்பே இரண்டு மூன்று ஏஜென்ட்டுகளிடம் தொகை கேட்டுவிடுங்கள். மற்ற பேப்பர் வேலைகள் (சட்ட நோட்டீஸ் வாங்க ஒவ்வொரு மாநிலத்திலும் ஏஜென்ட் போடும் பிஓசி-3, வருடாந்திரப் பதிவான யுசிஆர், பல மாநில நம்பர் பிளேட்டுக்கு ஐஆர்பி, டீசல் வரிக்கு ஐஎஃப்டிஏ, 55,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடையுள்ள வண்டிக்கு 2290 என்ற படிவத்தில் கட்டும் சாலை வரி, போதைப்பொருள் சோதனையை நடத்தும் குழுவான கன்சார்ட்டியத்தில் பதிவு) ஒவ்வொன்றும் சின்ன வேலைதான், ஒன்று விட்டுப்போனாலும் வண்டி நின்றுவிடும். முதல் 12 மாதத்துக்குள் பாதுகாப்புத் தணிக்கை வரும். ஒரே டிரக், ஒரே டிரைவர், அதுவும் நானே என்றாலும் டிரைவர் ஃபைல், பராமரிப்பு ஃபைல், ஓட்டிய நேரத்தின் லாக் எல்லாம் கேட்பார்கள். முதல் நாளிலிருந்தே ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்தால் அன்றைக்குத் தேடி அலைய வேண்டாம்.

மைலுக்கு எவ்வளவு ஆகிறது?

இது தெரியாமல் எந்த ரேட்டும் நல்ல ரேட்டாகத்தான் தெரியும். உதாரணத்துக்கு எண்களை வைத்துக் கணக்குப் போடுவோம். மாதம் 9,000 மைல் ஓடுகிறீர்கள். டிரக், டிரெய்லர் தவணை, இன்சூரன்ஸ், பர்மிட், போன் எல்லாம் சேர்த்து மாதம் 6,300 டாலர் என்றால் மைலுக்கு 70 சென்ட். டீசல் கேலன் 3.90 டாலர், வண்டி கேலனுக்கு 6.5 மைல் கொடுக்கிறது என்றால் மைலுக்கு 60 சென்ட். டயர், ஆயில், ரிப்பேருக்கு 20 சென்ட் ஒதுக்குங்கள். உங்கள் சம்பளம் 60 சென்ட். அதைச் சேர்க்காமல் விடாதீர்கள், வேறொருவரை வைத்து ஓட்டினால் கொடுக்கத்தானே வேண்டும். மொத்தம் மைலுக்கு 2.10 டாலர்.

ஆனால் 9,000 மைலும் லோடோடு ஓடாது. 15 சதவீதம் காலியாக ஓடினால் லோடு மைல் 7,650தான். மொத்தச் செலவு 18,900 டாலரை அதில் வகுத்தால் 2.47 வருகிறது. அதாவது புரோக்கர் சொல்லும் ரேட் 2.47-க்குக் கீழே இருந்தால் நீங்கள் கைக்காசைப் போட்டு ஓட்டுகிறீர்கள். ஏடிஆர்ஐ என்ற ஆய்வு அமைப்பு 2023-க்குப் போட்ட கணக்கில், கம்பெனிகளுக்கு ஒரு மைல் ஓட்ட ஆன சராசரிச் செலவு 2.27 டாலர். உங்கள் எண் அதைவிட ரொம்பக் குறைவாக வந்தால், ஏதோ ஒரு செலவை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

டீசல் பற்றி ஒரு விஷயம். ஐஎஃப்டிஏ முறையில், எந்த மாநிலத்தில் டீசல் போட்டாலும், ஓடிய மைலுக்கு ஏற்ப அந்தந்த மாநில வரியைக் கட்டியாக வேண்டும். அதனால் பம்ப்பில் போட்டிருக்கும் விலையைப் பார்க்காமல், அதிலிருந்து அந்த மாநிலத்தின் வரியைக் கழித்துப் பாருங்கள். சில சமயம் விலை கூடத் தெரியும் மாநிலத்தில்தான் டீசல் உண்மையில் மலிவு.

பாதையைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் ஒரு லோடின் ரேட்டைப் பார்க்கிறார்கள். போக வர இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சிகாகோவிலிருந்து மயாமி சுமார் 1,380 மைல். மைலுக்கு 2.90 கொடுக்கிறார்கள் என்று துள்ளிக்கொண்டு எடுத்தால், திரும்ப 1.40-க்கு மேல் யாரும் கொடுக்காமல் போகலாம். இரண்டின் சராசரி 2.15. ஃபுளோரிடாவுக்குள் போகும் சரக்கு அதிகம், வெளியே வருவது குறைவு, வசந்த காலத்தில் காய்கறி அறுவடை சமயத்தைத் தவிர. அதனால்தான் உள்ளே போக அவ்வளவு கொடுக்கிறார்கள். அதுவே சிகாகோவிலிருந்து அட்லாண்டா சுமார் 720 மைல். போக 2.70, வர 2.40 என்றால் பார்வைக்குச் சாதாரணம், ஆனால் சராசரி 2.55. இந்த ரேட்டுகளும் உதாரணத்துக்குத்தான், வாரத்துக்கு வாரம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சரக்கு அதிகம் புறப்படும் ஒரு ஊரையும், ஒரு நாள் ஒன்றரை நாள் தூரத்தில் அதே மாதிரி இன்னொரு ஊரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோ, அட்லாண்டா, டல்லஸ் போன்ற இடங்களில் எப்போதும் உள்ளேயும் வெளியேயும் சரக்கு ஓடும். அந்த இரண்டு ஊருக்கு நடுவில் மூன்று மாதம் ஓடிப்பாருங்கள். எந்தக் கிடங்கில் எவ்வளவு நேரம் காக்கவைப்பார்கள், எந்தக் கிழமை ரேட் ஏறும், ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று எல்லாம் தெரிந்துவிடும். நாடு முழுக்கச் சுற்றுபவருக்கு இந்த அறிவு சேரவே சேராது.

டிரெய்லர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். மூடிய பெட்டி டிரெய்லரான 53 அடி ட்ரை வேன் சுலபம், போட்டியும் அதில்தான் அதிகம். குளிர்பதன டிரெய்லரான ரீஃபரில் சரக்குக் கெட்டால் பொறுப்பு உங்களுடையது. மேல்மூடி இல்லாத ஃப்ளாட்பெட்டில் சங்கிலி, தார்ப்பாய் என்று உடல் உழைப்பு உண்டு, அதற்குப் பயந்தே பலர் வராததால் போட்டி கொஞ்சம் குறைவு. டிரெய்லர் வாங்கப் பணம் இல்லையென்றால், வேறொருவரின் டிரெய்லரை உங்கள் டிரக்கில் மாட்டி இழுக்கும் 'பவர் ஒன்லி' வேலையும் இருக்கிறது.

முதல் ஆறு மாதம்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: அத்தாரிட்டி வந்த அன்றைக்கே பெரிய புரோக்கர்கள் லோடு தர மாட்டார்கள். 90 நாள் ஆகியிருக்க வேண்டும், சிலர் 180 நாள் என்பார்கள். உங்கள்மேல் கோபமில்லை, புதுக் கேரியர்களின் பெயரில் நடக்கும் மோசடி அவ்வளவு. அதனால் இந்தக் காலத்துக்கு வேறு மாதிரி ஓட்ட வேண்டும்.

லோடு போர்டு இப்போதுதான் உதவும். டிஏடி, டிரக்ஸ்டாப் இரண்டும் முக்கியமானவை. (டிஏடி 1978-ல் ஓரிகான் மாநிலம் போர்ட்லாந்தில் ஒரு டிரக் ஸ்டாப்பில் தொடங்கியது. லோடு தேடி அங்கே வந்து நின்ற டிரைவர்களுக்காகத்தான்.) இலவச போர்டில் காலத்தை ஓட்டாமல், பாதையின் சராசரி ரேட்டும் புரோக்கர் எத்தனை நாளில் பணம் கொடுக்கிறார் என்பதும் தெரியும் சந்தாவை வாங்குங்கள். உங்கள் இரண்டு ஊர்ப் பாதையில் லோடு போடும் புரோக்கர்கள் எல்லோரையும் எழுதிவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "என் அத்தாரிட்டிக்கு இத்தனை நாள் ஆகிறது, எடுப்பீர்களா, இல்லையென்றால் எப்போது எடுப்பீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். 90 நாள் என்று சொன்னவரைத் தொண்ணூற்று ஒன்றாவது நாள் கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிடுபவர்கள் மிகக் குறைவு. இதற்கிடையில் சின்ன புரோக்கர்கள் எடுப்பார்கள், ரேட் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நஷ்டம் இல்லாதவரை ஓட்டுங்கள். ரோட்டில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிறுத்தினால் சலித்துக்கொள்ள வேண்டாம். குறையில்லாத இன்ஸ்பெக்‌ஷன் உங்கள் பெயரில் பதிவாகும், புரோக்கர்கள் அதைப் பார்க்கிறார்கள். அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 25 முதல், ஆங்கிலம் போதாத டிரைவரை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

புரோக்கரிடம் பேசுவதும் ரேட் கான் படிப்பதும்

போனை எடுத்ததும் "ரேட் என்ன?" என்று கேட்காதீர்கள். என்ன சரக்கு, எத்தனை பவுண்டு, ஏற்ற நேரம் குறித்திருக்கிறார்களா அல்லது வந்த வரிசைப்படியா, டிரெய்லரை விட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு கிளம்பலாமா அல்லது நின்று ஏற்ற வேண்டுமா, எத்தனை இடத்தில் இறக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். இதற்குள் ரேட் உங்கள் மனதில் தயாராகிவிடும். அவர் ஒரு தொகை சொன்னால் உடனே சரி என்காதீர்கள், உங்கள் தொகையைச் சொல்லி ஒரு காரணமும் சொல்லுங்கள்: "காலை 6 மணிக்கு ஏற்ற வேண்டும் என்கிறீர்கள், நான் 40 மைல் பக்கத்தில் காலியாக நிற்கிறேன், நேரத்துக்கு இருப்பேன்." இப்படிச் சொன்னால் 100, 150 டாலர் கூட்டிக் கொடுக்க அவருக்கும் சௌகரியம்.

பேசியது எதுவும் கணக்கில்லை, புரோக்கர் அனுப்பும் ஒப்பந்தத் தாளான ரேட் கன்ஃபர்மேஷனில் (ரேட் கான்) இருப்பதுதான் கணக்கு. அது வந்ததும் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். தாமதமானால் எவ்வளவு பிடிப்பார்கள்? டிராக்கிங் ஆப் ஓடாவிட்டால் அபராதமா? இறக்குகிற ஆட்களுக்கான லம்பர் கட்டணம் யாருடையது? வண்டியைக் கூப்பிட்டுவிட்டு லோடை ரத்து செய்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? டிடென்ஷன், அதாவது காத்திருப்புக் காசு, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, மணிக்கு எவ்வளவு? பெரும்பாலும் முதல் 2 மணி நேரம் இலவசம். அந்த 2 மணி முடிவதற்கு 20 நிமிஷம் முன்பே புரோக்கருக்கு ஈமெயில் போடுங்கள், போனில் சொன்னால் போதாது. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் சரக்கு விவரத் தாளான பில் ஆஃப் லேடிங்கிலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். இது இல்லாமல் டிடென்ஷன் பணம் வருவது அபூர்வம். காத்திருப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள்தான் 11 மணி நேரம் ஓட்ட முடியும், கிடங்கு வாசலில் 5 மணி நேரம் நின்றால் அடுத்த லோடு கையைவிட்டுப் போகிறது.

மோசடி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ரேட் கான் வந்த ஈமெயில் முகவரி, எஃப்எம்சிஎஸ்ஏவின் சேஃபர் தளத்தில் அந்தக் கம்பெனிக்குப் போட்டிருக்கும் போன் நம்பர் இரண்டையும் சரிபார்த்து, அந்த நம்பருக்கே கூப்பிட்டு "இது உங்கள் லோடுதானா?" என்று கேளுங்கள். ஒருவர் தன்னைக் கேரியர் என்று சொல்லி ஒரு புரோக்கரிடம் லோடை வாங்கி, உங்களிடம் புரோக்கராக நடித்துத் தள்ளிவிட்டுப் பணத்தோடு மறைவது ரொம்ப நடக்கிறது. பணம் தராவிட்டால் ஈடுகட்டப் புரோக்கர்களிடம் அரசு கேட்கும் பாண்ட் 75,000 டாலர்தான், ஐம்பது கேரியர்களை ஏமாற்றிவிட்டு ஒருவர் ஓடினால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். உங்கள் அத்தாரிட்டியை "வாடகைக்குக் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

இந்த லோடிலேயே அடுத்த லோடு

ஐந்தாறு பேரைப் பிடிப்பது இங்கேதான் நடக்கிறது. புரோக்கரின் நாள் முழுக்க எங்கே வண்டி, போய்ச் சேர்ந்ததா என்று துரத்துவதிலேயே போகிறது. அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் அவர் உங்களை மறக்க மாட்டார். கிடங்குக்குள் நுழைந்ததும் ஒரு மெசேஜ், ஏற்றி முடித்ததும் பேப்பரின் போட்டோவோடு ஒரு மெசேஜ், மறுநாள் காலையில் எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச்சேருவீர்கள் என்று ஒரு மெசேஜ். இறக்கி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் கையெழுத்தான பிஓடி (சரக்கு சேர்ந்ததற்கான சான்று) தெளிவாக ஸ்கேன் செய்து போக வேண்டும். வண்டி வழியில் நின்றுவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்ட கையோடு புரோக்கரைக் கூப்பிடுங்கள். கெட்ட செய்தி நேரத்துக்கு வந்தால் அவர் ஏதாவது செய்து சமாளிப்பார், மறைத்தது தெரிந்தால் அடுத்த லோடு கிடையாது. ஒத்துக்கொண்ட லோடை, இதைவிட நல்ல ரேட் வந்தது என்று ஒருநாளும் கைவிடாதீர்கள்.

பிஓடி அனுப்பும் அதே ஈமெயிலில் ஒரு வரி சேருங்கள்: "வரும் செவ்வாய் காலை மறுபடி அட்லாண்டாவில் காலியாக இருப்பேன், சிகாகோ பக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்." ஒவ்வொரு முறையும். மூன்றாவது, நான்காவது லோடுக்குப் பிறகு அவர் போர்டில் போடும் முன்பே உங்களைக் கூப்பிடத் தொடங்குவார். அப்போது, இந்தப் பாதையில் உங்களுக்கு வாரா வாரம் போகும் லோடு எது என்று கேளுங்கள், அதை ஒரு நிலையான ரேட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ரேட் ஏறும் வாரங்களில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் எல்லோரும் லோடு இல்லாமல் நிற்கும்போது உங்கள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பேரம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ஒரு நோட்டில் யார் பெயர், எந்தக் கிடங்கு, எவ்வளவு நேரம் ஆனது, பணம் எத்தனை நாளில் வந்தது என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

பணம் கைக்கு வரும்வரை

புரோக்கர்கள் சாதாரணமாக 30 நாள் எடுப்பார்கள், டீசல் காசு இன்றைக்கே வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் ஃபாக்டரிங் கம்பெனி: பில்லை அவர்களிடம் கொடுத்தால் ஓரிரு நாளில் பணம், 2 முதல் 5 சதவீதம் அவர்களுக்கு. புரோக்கர் கொடுக்காவிட்டால் பணத்தை உங்களிடம் திரும்பக் கேட்பார்களா, எத்தனை மாத ஒப்பந்தம், விலகக் கட்டணம் உண்டா, எல்லா பில்லையும் கொடுத்தாக வேண்டுமா என்ற நான்கையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். அவர்கள் தரும் புரோக்கர் கிரெடிட் சோதனை இலவசம் என்றால், ஒவ்வொரு லோடுக்கும் அதைப் பயன்படுத்துங்கள். கையில் இரண்டு மாதப் பணம் சேர்ந்ததும் மெல்ல ஃபாக்டரிங்கிலிருந்து வெளியே வாருங்கள். 3 சதவீதம் சின்னதாகத் தெரியும், ஆனால் அது போவது மொத்த வருமானத்திலிருந்து.

நேரடி ஷிப்பர்

சரக்கை அனுப்பும் கம்பெனியான ஷிப்பரிடம் நேராகப் போவது ஒரு வருஷம் ஆனபிறகுதான், அதற்கு முன் வேண்டாம். புரோக்கர் கொடுத்த லோடில் பெயரைப் பார்த்துவிட்டு அந்த ஷிப்பரையே போய்க் கேட்பது ஒப்பந்த மீறல், பெரும்பாலான புரோக்கர் ஒப்பந்தங்களில் அதற்குத் தடை எழுதியிருக்கும். அதற்குத் தேவையும் இல்லை. வீட்டிலிருந்து 50 மைலுக்குள் இருக்கும் சின்னத் தொழிற்சாலைகள், மரப் பலகை, கட்டுமானப் பொருள், நாற்றுப் பண்ணை, பேப்பர் ரோல் அனுப்புபவர்கள், வாரம் இரண்டு மூன்று லோடு மட்டும் உள்ளவர்களைத் தேடுங்கள். பெரிய கம்பெனிகள் பெரிய கேரியர்களோடுதான் ஒப்பந்தம் போடும், சின்னவர்களை யாரும் கவனிப்பதில்லை. வாசலில் இருப்பவரிடம் ஷிப்பிங் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, அவரிடம் இன்சூரன்ஸ் சான்றிதழும் நீங்கள் ஓடும் பாதைகளும் எழுதிய ஒரு பக்கத் தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் நாளே லோடு கேட்காதீர்கள். "உங்கள் வழக்கமான வண்டி வராத அன்றைக்குக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு நாள் வராது, கூப்பிடுவார்கள்.

ரேட் பேசும்போது டீசலைத் தனியாகப் பிரித்துவையுங்கள். மத்திய எரிசக்தித் துறையின் இஐஏ வாரம் ஒருமுறை சராசரி டீசல் விலையை வெளியிடுகிறது. அதற்கு ஏற்ப ஃபியூயல் சர்சார்ஜ் (டீசலுக்கான கூடுதல் தொகை) ஏறி இறங்கும் என்று எழுதிக்கொண்டால், விலை ஏறும்போதெல்லாம் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. அப்புறம், ஒரு ஷிப்பர் உங்கள் மைலில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் நிலை வந்தால், பழைய புரோக்கர்களில் இரண்டு பேரிடமாவது மாதம் ஒரு லோடு எடுத்துக்கொண்டே இருங்கள். அந்தத் தொழிற்சாலை ஒரு மாதம் மூடினாலும் யாரைக் கூப்பிடுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.